ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பச்சைக்குழந்தைக்கு இடம்

ஆதம்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு, நான்கு வயதில் ஒரு மகன், ஏப்ரல் கடைசியில் இரண்டாவது பிரசவம். தலைப்பிரசவத்துக்கு மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டதால் அங்கே மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். இந்த முறை குழந்தை நேரே உங்கள் வீட்டுக்கு வருகிறது, உங்கள் அம்மா ஊரிலிருந்து உதவிக்கு வருகிறார். தொட்டில் வாங்கலாமா, குடை வைத்த கொசுவலை மெத்தை போதுமா, ஏசி போடலாமா என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "போன தடவை பால் கொடுத்துக்கொண்டே தூங்கிவிடுவாளாம், அதுதான் பயமாக இருக்கிறது." உங்கள் கேள்வியின் உயிரே அந்த வரிதான் என்று நினைக்கிறேன். இரவு மூன்று மணிக்கு, களைத்துச் சாய்ந்த ஒரு தாயின் கையில் பத்து நாள் குழந்தை இருக்கும்போது தப்பு நடக்காமல் இருக்க அந்த அறை எப்படி இருக்க வேண்டும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். பட்டியல் தானாக அதிலிருந்து வந்துவிடும்.

நான் சென்னையில் 22 ஆண்டுகள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, பிரசவமாகி வீடு திரும்பிய பெண்களுக்குப் பால் கொடுக்க உதவுவதற்காக வீடுகளுக்குப் போகிறேன். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புவது வீட்டில் என்ன ஆகிறது என்று அதனால் தெரியும். நான் மருத்துவர் இல்லை. குழந்தையின் எடை, எத்தனை வாரத்தில் பிறந்தது, மஞ்சள் காமாலை இவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியதை உங்கள் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில், சந்தேகமே இல்லாதது. பகலோ இரவோ, ஒவ்வொரு தூக்கத்துக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். படுக்கை கெட்டியாக, மேடு பள்ளமில்லாமல் இருக்க வேண்டும். அதில் குழந்தையைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் படுக்கை தாய் படுக்கும் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில் தனியாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1994இல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி ஒரு பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். அடுத்த பத்தாண்டுகளில், தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் அங்கே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அகாடமி 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், முதல் 6 மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வைக்கச் சொல்கிறது. அதனால் ஒற்றைப் படுக்கையறை என்று நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருந்தாலும், குழந்தைக்கு அது குறையே இல்லை. இரண்டு அறை இருந்தாலும் இதே அறையில்தான் வைக்கச் சொல்லியிருப்பேன்.

உங்கள் அம்மா முதலில் மறுக்கப்போவது மல்லாக்கப் போடுவதைத்தான். "பால் கக்கினால் புரை ஏறும், ஒருக்களித்துப் போடு" என்பார். அது அக்கறையில் வரும் பேச்சு. டாக்டர் சொன்னார் என்று வாயை அடைக்காமல் காரணத்தைச் சொல்லுங்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது, பால் அதற்குள் வழிவது சுலபமாகிவிடுகிறது. ஒருக்களித்துக் கிடத்திய குழந்தை உருண்டு குப்புறப் போய்விடலாம். வார்டில் இரண்டு விரல்களை மேலும் கீழுமாக வைத்து இதைக் காட்டுவேன். பல பாட்டிகள் அதைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, அப்புறம் கிடத்தினால் போதும். தலை தட்டையாகிவிடும் என்பது அடுத்த கவலையாக வரும். விழித்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது சற்று நேரம் குப்புறப் போடுங்கள். தலைமாட்டையும் கால்மாட்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். கடுகுத் தலையணை வேண்டாம். வேறு எந்தத் தலையணையும் வேண்டாம்.

சரி, படுக்கையை எங்கே போடுவது? கட்டிலை எடுத்துவிட்டு எல்லோரும் தரையில் மெத்தை போட்டுப் படுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தை கீழே விழாது, அந்த வகையில் நல்ல யோசனைதான். ஆனால் முதல் பிரசவம் சிசேரியன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதுவும் அப்படியே ஆனால், தையல் போட்ட வயிற்றோடு தரையிலிருந்து இரவில் நான்கு தடவை எழுவது பெரிய வேதனை. எழ முடியாததால்தான் பல பெண்கள் குழந்தையைத் திரும்ப அதன் படுக்கையில் விடாமல் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். கட்டில் இருக்கட்டும். மனைவி எந்தப் பக்கம் இறங்குவாரோ அந்தப் பக்கம் கட்டில் உயரத்துக்குக் குழந்தையின் தொட்டிலைப் போடுங்கள். நீங்களும் மகனும் கட்டிலுக்கு மறுபக்கம் கீழே படுங்கள். குழந்தைக்கும் மகனுக்கும் நடுவில் எப்போதும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், ஏனென்றால் நான்கு வயதுப் பிள்ளை தூக்கத்தில் கை காலை எங்கே போடுகிறோம் என்று உணராது. சுவரை ஒட்டிப் போட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் குழந்தையின் முகம் மாட்டிக்கொள்ளும், அது வேண்டாம். பீரோவும் பரணும் தொட்டிலுக்கு நேர் மேலேயோ பக்கத்திலேயோ வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டில் புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. உறவுக்காரர்களிடம் பழைய மரத்தொட்டில் இருந்தால், கம்பிகளுக்கு நடுவில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கிறதா, கட்டைகள் ஆடுகின்றனவா, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழைகிறதா என்று பாருங்கள். இலவம்பஞ்சு மெத்தை பச்சைக்குழந்தைக்கு ஆகாது. உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுத்தால் குழி நிற்கக் கூடாது. மெல்லிய, கெட்டியான தேங்காய் நார் மெத்தையின் மேல் இழுத்துக் கட்டிய ஒரு பருத்தித் துணி போதும். கடைகளில் விற்கும் குடை கொசுவலை மெத்தையில் வலை நல்லது, கூட வரும் புசுபுசு மெத்தையும் திண்டுகளும்தான் கெடுதல். வலையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கி வையுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு 2015இல் 16 பொருட்களோடு ஒரு பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதில் வந்த வலையைப் பத்திரமாக மடித்து வைத்திருந்து அடுத்த குழந்தைக்கும் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பால் கொடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன்களே தாய்க்கு உறக்கத்தை வரவழைப்பவை. "தூங்கிவிடாதே" என்று சொல்வதில் பயனே இல்லை. தூங்கிவிட்டாலும் கெடுதல் வராத இடத்தில் அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இருப்பதிலேயே மோசமான இடம் சோபாவும் சாய்வு நாற்காலியும். கை தளர்ந்ததும் குழந்தை திண்டுக்கும் உடம்புக்கும் நடுவில் சரிந்துவிடும். கணவனும் மூத்த பிள்ளையும் விழித்துக்கொள்வார்களே என்று ஹாலுக்குப் போய் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுக்கும் பெண்கள் அதிகம். உங்கள் மனைவி அப்படிப் போகக் கூடாது என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். கட்டிலிலேயே, தலையணையையும் போர்வையையும் குழந்தையிடமிருந்து தள்ளி வைத்துவிட்டுக் கொடுக்கட்டும். ஒவ்வொரு தடவையும் பால் குடித்து முடித்ததும் குழந்தையை வாங்கி, ஏப்பம் விட வைத்துத் தொட்டிலில் கிடத்துவது உங்கள் வேலை தம்பி. வேலைக்குப் போகும் நாட்களில் பாதி இரவை உங்கள் அம்மாவிடம் கொடுங்கள். எந்தச் சாமானும் இதற்கு ஈடாகாது.

அப்படியானால் தாயும் குழந்தையும் ஒரே படுக்கையில் இரவு முழுக்கத் தூங்குவது தவறா? இங்கே நிபுணர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. மேலே சொன்ன அமெரிக்க அகாடமி வேண்டாம் என்கிறது. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச அகாடமி 2020இல் வெளியிட்ட நெறிமுறையோ, தாய்ப்பால் கொடுக்கும் ஆரோக்கியமான தாய்க்கு இதைத் தடையாகச் சொல்லாமல், பாதுகாப்பாகச் செய்யும் முறையைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறது. நம் பாட்டிமார் அணைத்துக்கொண்டுதான் படுத்தார்கள், உண்மை. அவர்கள் படுத்தது கோரைப்பாயில். இன்றைய மெத்து மெத்தையும் கனத்த போர்வையும் வேறு. என் கருத்து, தனிப் படுக்கையைப் பழக்கமாக்குங்கள், என்றாவது ஒருநாள் பக்கத்தில் தூங்கிவிட்டால் அதற்காக மனைவியைக் கடிந்துகொள்ளாதீர்கள். சில நிலைமைகளில் மட்டும் இரண்டு தரப்புமே எச்சரிக்கின்றன: படுக்கையில் இருப்பவர் சிகரெட் பிடிப்பவர், மது அருந்தியவர், தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிட்டவர் என்றால், அல்லது குழந்தை குறைமாதம், எடை 2.5 கிலோவுக்குக் குறைவு என்றால் ஒரே படுக்கை கூடாது. சாதாரணச் சளி மாத்திரைகள் சிலவும், ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் வலி மாத்திரைகள் சிலவும் தூக்கம் தருபவை. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தூளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் அம்மா கையோடு ஒரு பழைய நூல் புடவை கொண்டுவருவார். தூளியில் ஆடித் தூங்கிய குழந்தைகள்தான் நாம் எல்லோரும். அதை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனம் வராது. பச்சைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் இல்லை. தூளியின் வளைவில் தாடை நெஞ்சில் படிந்துவிட்டால் மூச்சுப் பாதை மடங்கிவிடும், குழந்தை சத்தமே போடாது. ஆகவே அழுகையை அடக்கப் பகலில், ஒரு பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட்டலாம். தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் கிடத்திவிட வேண்டும். இரவில் தூளி வேண்டாம். மகன் ஆட்டவே கூடாது.

ஏசி தாராளமாகப் போடலாம். கத்திரி வெயில் தொடங்கும் நேரத்தில் குழந்தை வீட்டில் இருக்கப்போகிறது, வேர்த்துப் புழுங்குவதும் குழந்தைக்கு ஆபத்துதான். 26 டிகிரி பக்கம் வையுங்கள், காற்று நேரே தொட்டிலில் படக் கூடாது. பிரசவத்துக்கு முன்பே ஃபில்டரைக் கழுவிவிடுங்கள். இணையத்தில் 16 முதல் 20 டிகிரி என்று படித்திருந்தால், அது குளிர்நாட்டு வீடுகளில் கனமான உறைக்குள் தூங்கும் குழந்தைக்குச் சொன்னது. மின்விசிறியும் ஓடலாம். விசிறி ஓடிய அறைகளில் திடீர் மரணம் குறைவாக இருந்தது என்று 2008இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு சொன்னது. ஒரே ஆய்வை வைத்து விசிறிதான் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் "குழந்தைக்கு ஃபேன் ஆகாது" என்பவர்களுக்கு அதைச் சொல்லலாம். உடுப்பு ஒரு மெல்லிய பருத்தி அடுக்கு, ஏசி ஓடினால் இன்னொன்று. துணியில் சுற்றினால் இடுப்பும் காலும் மடங்கி அசைய இடம் விட்டுச் சுற்றுங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள், அதிக வெப்பம் தலை வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

சூடு சரியா என்று பார்க்க நாங்கள் கற்றுக்கொடுப்பது, வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் சரி. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குளிர்கிறது, ஏசியின் குளிர்ச்சியைக் குறைத்து இன்னொரு துணி சுற்றித் தாயின் நெஞ்சோடு வைக்க வேண்டும். இரண்டுமே சில்லிட்டிருந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கழுத்தில் வேர்வை, முகம் சிவப்பு என்றால் துணி அதிகம். ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள், அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. வெயில் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் கொடுக்க வேண்டாம், தாய்ப்பாலே போதும். கரண்ட் போனால் ஒரு விசிறியாவது ஓட இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது, ஆனால் அதன் பேட்டரியைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். சார்ஜ் ஆகும்போது வாயு வெளியேறும். காற்றோட்டமான வராந்தாதான் அதற்கு இடம்.

கொசுவுக்கு வலைதான் ஒரே நல்ல வழி. டெங்கு கொசு பகலில் கடிக்கும், எனவே மதியத் தூக்கத்துக்கும் வலை வேண்டும். இரண்டு மாதத்துக்குள் தோலில் தடவும் கொசு மருந்து எதுவும் கூடாது. கொசுவத்தி அறவே வேண்டாம். ஒரு சுருள் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. குளிப்பாட்டிய பிறகு போடும் சாம்பிராணிப் புகையையும் இதே காரணத்துக்காகத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்கு இது கஷ்டமாக இருக்கும், மெல்லப் பேசுங்கள். ஏசித் தண்ணீர் சொட்டும் வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு மூன்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். எறும்பும் நம் வீடுகளில் பெரிய தொல்லை, பால் பட்ட துணியைத் தேடி வரும். கட்டில் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழைய முறை சரிதான், ஆனால் தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் அதிலேயே கொசு முட்டையிடும். எறும்பு சாக்பீஸ் பூச்சிக்கொல்லி, தொட்டிலைச் சுற்றிக் கோடு போடாதீர்கள். பால் பட்ட துணியை உடனே அறையை விட்டு வெளியே எடுப்பதுதான் சிறந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஐந்தாம் நாள் குழந்தை ஒன்று கடும் மஞ்சள் காமாலையோடு எங்கள் பிரிவுக்கு வந்தது. துணியை அவிழ்க்கும்போதே வாசனை வந்தது, பாச்சை உருண்டை. அக்காள் குழந்தையின் உடுப்புகளை ராசிக்காக டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், காமாலை மூளையைத் தாக்கும் அளவுக்கு ஏறலாம். அந்தக் குழந்தைக்கு ரத்தம் மாற்ற வேண்டியிருந்தது, பிழைத்துக்கொண்டது. மகனுடைய பழைய துணிகள் பீரோவில் உருண்டையோடு இருந்தால் முதல் மாதம் அவை வேண்டாம். பீரோவிலிருந்தும் உருண்டைகளை இன்றே எடுத்துவிடுங்கள்.

மகனை இப்போதே கீழே உங்கள் பக்கத்தில் படுத்துப் பழக்குங்கள். குழந்தை வந்த அன்று அம்மாவிடமிருந்து நகர்த்தினால் அது தன்னைத் துரத்திவிட்டதாகவே நினைப்பான். அவனுடைய பொம்மை கார்களில் உள்ள பட்டன் பேட்டரி, நாணயம், வேர்க்கடலை எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஆசையில் தங்கச்சி வாயில் முறுக்கு ஊட்டிய அண்ணன்களை எனக்குத் தெரியும்.

வெளிச்சத்துக்கு ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு, தரையோரமாக. பகலில் ஜன்னல் திரையை விலக்கி இயற்கை வெளிச்சத்தில் குழந்தையின் தோலைத் தினமும் பாருங்கள். மஞ்சள் சுவரும் மங்கலான பல்பும் காமாலையை மறைத்துவிடும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினால் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள், அன்றே காட்டுங்கள்.

எல்லாம் போட்டு முடித்ததும் ஒரு இரவு மூன்று மணிக்கு எழுந்து பெரிய விளக்கைப் போடாமல் நடந்து பாருங்கள். கையில் குழந்தை அளவுக்கு ஒரு துணி மூட்டையை வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து தொட்டிலுக்கு, தொட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு. கால் எதில் இடறுகிறது, மாற்றுத் துணி கைக்குக் கிடைக்கிறதா, மகனை மிதிக்காமல் போக முடிகிறதா என்று அப்போதுதான் தெரியும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பிறந்த எடை, காமாலை அளவு, அடுத்து எப்போது காட்ட வேண்டும் மூன்றையும் எழுதி வாங்கி, தொட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள். அதன் கீழே இதையும் எழுதுங்கள்: 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது இவற்றில் எது இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108.